சுவர் கடிக்குது!

"இந்தச் சுவர் கடிக்குதும்மா" என்று என் மாமியார் முதன்முதலில் சொன்னபோது, ரசம் பொங்கி வழிந்துவிடக் கூடாதே என்று நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது 2020-ம் வருஷம் ஐப்பசி மாதம். நல்ல அடைமழை. தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தவர் சட்டென்று கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் வந்து நின்றார்.

"எறும்பா இருக்கும் அத்தை" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எறும்பு இல்லேம்மா. சுவர்தான். உள்ளங்கையிலே சுருக்குனு கடிச்சுது."

அவருக்கு அப்போது வயது 74. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. முழங்கால் வலி. தொட்டிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வலது கையால்தான் வேலை செய்வார். சுவர் கடிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? நீங்களே சொல்லுங்கள்!

சகோதரிகளே, இது கரண்ட் பற்றிய கட்டுரை. "அதெல்லாம் ஆம்பிளைங்க பார்த்துக்குவாங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் நாற்பத்தைந்து வயது வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓம் விதியை மனப்பாடம் செய்ததும், ஃபியூஸ் போனால் அவர் வரும்வரை பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும்தான் எனக்கும் மின்சாரத்துக்கும் இருந்த உறவு.

எங்கள் வீடு திருச்சி உறையூரில் இருக்கிறது. 1974-ல் என் மாமனார் கட்டியது. நடை, கூடம், இரண்டு அறை, கடைசியில் அடுக்களை. அந்தக் காலத்து வழக்கப்படி சுவரின் மேல் மரப்பட்டை அடித்து, அதன்மேல் கிளிப் போட்டு ஒயர் ஓட்டியிருந்தார்களாம். நான் அதைப் பார்த்ததில்லை. 1999-ல் எனக்கும் அவருக்கும் நிச்சயமானதும், "புது மருமக வர்ற வீட்டிலே சுவரெல்லாம் பட்டை பட்டையாத் தெரியக் கூடாது" என்று மாமனார் சொல்லிவிட்டாராம். உடனே ஒயரையெல்லாம் சுவருக்குள் தள்ளி, மேலே பூசி, வெள்ளையடித்துவிட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர் என் கொழுந்தனார். அப்போது அவருக்கு இருபது வயது. ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தார். மழமழவென்று சுவர், புதுசு புதுசாக வெள்ளை ஸ்விட்ச் பலகைகள். மறுவீடு வந்த என் அம்மாகூட, "வீட்டை எவ்வளவு லட்சணமா வெச்சிருக்காங்க பாருடி" என்று காதில் சொன்னாள்.

அந்த லட்சணம்தான் இருபது வருஷம் கழித்துக் கடித்தது.

மாமியார் சொன்னதை நாங்கள் சுத்தமாக அலட்சியம் செய்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்விட்ச் பலகையில் வைத்துப் பார்த்தார். எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது. பிறகு உள்ளங்கையைச் சுவரில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கடிக்கலையே!" என்று சிரித்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் மாமியார் வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிக்கொண்டே இருந்தார். என் பையன் வேறு, "பாட்டி, சுவருக்கு எத்தனை பல்லு?" என்று கேலி செய்வான்.

கடைசியில் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் காலில் பஞ்சை வைத்துத் தேய்த்து, அதிர்வுக் கருவி வைத்துப் பார்த்து, சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கும் என்று சொல்லி, சிவப்பு நிறத்தில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். டாக்டரைக் குறை சொல்லவே மாட்டேன். ஏனென்றால் அவரிடம் நாங்கள் சொன்னது, "கை சுருக் சுருக்குங்குதாம்" என்று மட்டும்தான். சுவர் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, மாமியாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொள்வாரே என்று. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்தான் அவர் கையை லேசாக அழுத்தினேன். அந்த அழுத்தல் இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

மாசி, பங்குனி வந்தது. வெயில் ஏறியது. கடிக்கிற பேச்சே இல்லை. "பார்த்தியா, மாத்திரை கேட்குது" என்றார் அவர். அடுத்த ஐப்பசியில் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை மாமியார் எங்களிடம் அதிகம் சொல்லவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பரணிலிருந்து, அந்தக் காலத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பலாப்பலகை ஒன்றை இறக்கச் சொல்லி, அதைத் தொட்டிக்கு முன்னால் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு அரிசி களைந்தார். "இதிலே நின்னா கடிக்கலே" என்றார். குறுகலான அடுக்களை அது. கையில் கொதிக்கிற பாத்திரத்தோடு வரும்போது அந்தப் பலகை இரண்டு முறை என் காலைத் தடுக்கிவிட்டது. நான் கோபித்துக்கொண்டேன். "குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறீங்களே அத்தை!" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் பலகையைக் காலாலேயே பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

2022 தை மாதம் பொங்கல் முடிந்து அடுக்களை வேலையை ஆரம்பித்தோம். எத்தனையோ வருஷ ஆசை! மேடைக்குக் கிரானைட், சுவரில் இடுப்புக்கு மேல் நாலடி உயரம் டைல்ஸ், கீழே இழுத்தால் வரும் அலமாரிகள், புகை போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். இதற்காக நகைச்சீட்டு, அது இது என்று சேர்த்து வைத்திருந்தேன்.

டைல்ஸ் ஒட்டுவதற்காகப் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். பொறுப்பான மனிதர். வந்ததுமே, "மெயினை அமத்திடுங்கம்மா" என்றார். அவரே போய் மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கிவிட்டு வந்தார். அரைமணி நேரம் வேலை நடந்தது. நான் கூடத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். 'பட்' என்று ஒரு சத்தம். அடுக்களை முழுக்க நீல வெளிச்சம். இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று அலறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், கொத்திக்கொண்டிருந்த பையன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம். உளியில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடித்திருந்தான், கையதிர்ச்சிக்காக. காலில் ரப்பர் செருப்பு. உளியின் முனையில் மட்டும் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு இரும்பே உருகிப் போயிருந்தது.

மெயினை அமத்திய பிறகு கரண்ட் எங்கிருந்து வந்தது? 2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? அப்போது வாங்கிய இன்வெர்ட்டர் எங்களுடையது. அடுக்களை விளக்கு அதோடு சேர்ந்தது. மெயினை இறக்கினால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யத்தானே செய்யும்! இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வீட்டில் ஆணி அடிப்பதானாலும் சரி, சுவரைத் துளைப்பதானாலும் சரி, மெயினோடு இன்வெர்ட்டரையும் அமத்தச் சொல்லுங்கள். சுவிட்சை அமத்தினால் மட்டும் போதாது.

மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஒயர் எங்கே போகுதுன்னு தெரியாம இனிமே நான் உளி வைக்க மாட்டேன்மா. பையன் வீட்டுக்கு ஒரே புள்ளை" என்றார்.

முதலில் வந்த எலெக்ட்ரீஷியன் ஐந்து நிமிஷம் பார்த்தார். "அறுந்த இடத்திலே முறுக்கி, டேப் சுத்திக் குடுத்திடறேன். மேலே பூசிடலாம். ஐந்நூறு ரூபா குடுங்க" என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது. ஏற்கெனவே பட்ஜெட் கையை மீறிக்கொண்டிருந்த சமயம். எனக்கும்கூட, பொய் சொல்வானேன், கிரானைட் போய்விடுமே என்ற கவலைதான். ஆனால் அந்த உருகின உளியைப் பார்த்ததிலிருந்து வயிற்றில் ஏதோ பிசைந்துகொண்டே இருந்தது. அடுத்த தெருவில் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் மின்சாரப் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவர், லைசென்ஸ் உள்ளவர். "அவரும் ஒரு தரம் பார்த்துடட்டுமே" என்று நானே போய் அழைத்து வந்தேன்.

பெரியவர் வந்ததும் டெஸ்டரை எடுக்கவே இல்லை. மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அமத்தினார். பல்புகளைக் கழற்றச் சொன்னார். ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினார். ஒரு பெட்டியை எடுத்து ஒயர் முனைகளில் இணைத்தார். மெக்கர் என்று பெயராம். ஒயரின் மேலுறை நன்றாக இருக்கிறதா, கரண்ட் வெளியே கசிகிறதா என்று 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கிற கருவி. குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டுமாம். கூடமும் அறைகளும் ஏதோ சுமாராகக் காட்டின. அடுக்களை லைனுக்கு வந்ததும் முள் எழுந்திருக்கவே இல்லை, பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது.

"இங்கே யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்களே" என்றார் அவர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தொண்டை அடைத்துக்கொண்டது. கூடத்திலிருந்து மாமியாரின் குரல்தான் வந்தது: "எனக்கு அடிச்சுது. ரெண்டு மழைக்காலமா அடிக்குது."

பெரியவர் நேராகக் கூடத்துக்குப் போய், மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார். எந்த இடத்தில் கை வைப்பீர்கள், ஈரக் கையா, காலில் என்ன போட்டிருப்பீர்கள், மழை நாளில் மட்டுமா? டாக்டர் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். ரெண்டு வருஷமாக வீட்டில் யாருமே கேட்காத கேள்விகள். பிறகு அடுக்களைக்கு வந்து மாமியார் காட்டின இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். மூலையில் சாத்தியிருந்த பலாப்பலகையைப் பார்த்துவிட்டு, "இது யார் போட்டது?" என்றார்.

"எங்க அத்தைதான்" என்றேன்.

"அந்தம்மாவைக் காப்பாத்தினது இதுதான்" என்றார்.

வட்டத்துக்குள் மேஸ்திரி மெதுவாகச் சுரண்டினார். அரை அங்குலப் பூச்சுதான். உள்ளே கறுப்பாகக் கருகிய மண். அதற்குள் ஒரு ஒயர் முடிச்சு. மேலே சுற்றியிருந்த டேப் காய்ந்த வாழைப்பட்டை மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. செம்புக் கம்பி ஒன்றும், வெள்ளையாக இன்னொரு கம்பியும் சேர்ந்து முறுக்கியிருந்தன. வெள்ளைக் கம்பி அலுமினியமாம். எழுபதுகளில் பல வீடுகளில் அலுமினிய ஒயர்தான் போட்டார்கள் என்றார் பெரியவர். 1999-ல் அந்தப் பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு, போதாத இடத்துக்குப் புதுச் செம்பு ஒயரை முறுக்கி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். செம்பும் அலுமினியமும் நேருக்கு நேர் சேர்ந்தால் ஈரத்தில் அரித்துப்போகும், சூடேறும், ஒட்டுத் தளர்ந்துவிடும். அதுவும் ஒரு பிளாஸ்டிக் பைப்புக்குள்கூட இல்லை. ஒயரை அப்படியே காடியில் வைத்து, மேலே சிமெண்டால் பூசிவிட்டார்கள். ஸ்விட்சுக்கு நேர் மேலேயும் இல்லாமல், குறுக்காக, கிட்டத்தில் போகிற வழியாக இழுத்திருந்தார்கள். அதனால்தான் உளிக்குத் தப்பவில்லை.

சுவருக்குப் பின்பக்கம் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற குழாய். அதில் விரிசல். மழை பெய்தால் சுவர் ஊறும். ஊறின சுவர் வழியாகக் கரண்ட் கசியும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிறவர் ஈரக் கையை அங்கே வைத்தால், அது அவர் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கப் பார்க்கும். நான் குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவள். என்னை எப்படிக் கடிக்கும்? அவர் அன்று ஆபீசிலிருந்து வந்த ஷூவோடு, காய்ந்த கையால் தட்டிப் பார்த்தார். அவரை எப்படிக் கடிக்கும்? எங்கள் வீட்டுப் பாத்திரங்களோ பின்புறக் குழாயடியில் தேய்க்கப்படுபவை. மிச்சம் இருந்தது மாமியார் ஒருவர்தான்.

"அப்போ ஃபியூஸ் ஏன் போகலே?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் கரண்ட் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பெரியவர் சந்தோஷமாகப் பதில் சொன்னார். ஃபியூஸ் மனுஷனைக் காப்பாற்ற வைத்தது இல்லையாம், ஒயரைக் காப்பாற்ற வைத்தது. அது போவதற்குப் பல ஆம்பியர் வேண்டும். மனித உடம்புக்கு ஒரு மில்லி ஆம்பியர், அதாவது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே சுருக்கென்று தெரியும். பத்து, பதினைந்து மில்லி ஆம்பியரில் தசை இழுத்துக்கொண்டு, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. இதெல்லாம் ஃபியூஸுக்குக் கொசு கடித்த மாதிரிகூட இல்லை. எங்கள் வீட்டு பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி! "அடிக்கடி போகுதேன்னு நான்தான் போட்டேன்" என்று அவர் முணுமுணுத்தார்.

எர்த் சமாச்சாரம் இன்னும் மோசம். மூன்று துளை பிளக் எல்லா இடத்திலும் இருந்தது. ஆனால் மேலே இருக்கிற பெரிய துளைக்கு உள்ளே ஒயர் வந்து சேரவே இல்லை. கொல்லையில் மாமனார் புதைத்த எர்த் குழாயைத் தேடினோம். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தளத்துக்கு அடியில், துருப்பிடித்து உதிர்ந்து கிடந்தது. நாங்கள்தான் சேறாகிறது என்று அதன்மேல் தளம் போட்டிருக்கிறோம். ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சில நாள் விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு இருக்குமே, "லேசா அடிக்கும், பழகிடுச்சு" என்போமே, அதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இந்த வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! மோட்டார் குழாயில் அடிக்கும், கிரைண்டரில் அடிக்கும், பழகிவிட்டது என்று. பழகிக்கொள்ள அது என்ன நாத்தனாரா?

அன்று ராத்திரி எங்கள் இருவருக்கும் தூக்கம் இல்லை. அவருக்கு இரண்டு கவலை. ஒன்று பணம். வீடு முழுக்க ஒயரை மாற்ற 74 ஆயிரம் ஆகும் என்று பெரியவர் கணக்குக் கொடுத்திருந்தார். இன்னொன்று தம்பி. "அவன் செஞ்ச வேலைன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும். அவன்கிட்டேயும் சொல்ல வேணாம். பழசாயிடுச்சு, மாத்திட்டோம்னு சொல்லிக்கலாம்" என்றார். ஓசூரில் இருக்கும் கொழுந்தனார் மேல் மாமியாருக்கு உயிர். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. ரெண்டு வருஷமாக அம்மா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. இப்போது அம்மாவின் மனசுக்காகவா பேச்சு? ஆனால் அந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான் என்பதும் தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன். "கிரானைட் வேணாம். அலமாரியும் வேணாம். ஒயரை மாத்துங்க" என்று மட்டும் சொன்னேன். கடப்பாக்கல் மேடை நாற்பத்தெட்டு வருஷம் உழைத்திருக்கிறது, இன்னும் உழைக்கும்.

வேலை பதினோரு நாள் நடந்தது. வீடு முழுக்க சிமெண்டுத் தூசி. சமையல் கொல்லையில். நான் பெரியவர் பின்னாலேயே நின்று ஒவ்வொன்றும் கேட்டுக்கொண்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். பழைய ஒயர் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. காடியை ஆழமாக வெட்டி, பைப்பைப் பதித்து, அதற்குள் ஒயரை இழுத்தார்கள். பின்னால் எப்போது வேண்டுமானாலும் சுவரை உடைக்காமல் ஒயரை உருவி மாற்றலாம். பைப்புக்குள் எங்கேயும் ஒட்டு கூடாது. ஒட்டு இருந்தால் அது மூடி போட்ட பெட்டிக்குள்தான், திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். விளக்குக்கு 1.5, கிரைண்டர், மிக்ஸி பிளக்குகளுக்கு 2.5, வெந்நீர் கெய்சருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். கெய்சர் 2000 வாட் என்றால் அது கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதை விளக்கு ஒயரில் மாட்டினால் ஒயர் சூடாகாமல் என்ன செய்யும்? பச்சை ஒயர் என்றால் அது எர்த் மட்டும்தான். ஒயர் குறைகிறது என்று பச்சையை வேறு எதற்கும் போடச் சம்மதிக்காதீர்கள்.

ஒரு விஷயம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய அடுக்களை விளக்கின் ஸ்விட்ச், கரண்ட் வருகிற ஒயரில் இல்லாமல் திரும்பிப் போகிற நியூட்ரலில் இருந்ததாம். ஸ்விட்சை அமத்தினால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஸ்டூல் மேல் ஏறி, ஸ்விட்சை அமத்திவிட்டோம் என்ற தைரியத்தில் எத்தனை தடவை பல்பு மாற்றியிருக்கிறேன்!

ஃபியூஸ் கட்டைகளுக்குப் பதில் எம்.சி.பி.கள் வந்தன. அதோடு, நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குப் பாதிக் காரணமான ஒரு சாமானும் வந்தது. ஆர்.சி.சி.பி. என்று பெயர். வீட்டுக்குள் போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் சதா ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், யார் உடம்பு வழியாகவோ சுவர் வழியாகவோ கசிகிறது என்று அர்த்தம்; கண் இமைக்கும் நேரத்தில் அமத்திவிடும். எம்.சி.பி. இருந்தால் இது வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், இரண்டின் வேலையும் வேறு. ஆனால் இதையும் முழுக்க நம்பி, போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் ஒரே சமயத்தில் இரண்டு கையாலும் தொட்டால் இதற்குத் தெரியாது. அதனால் எச்சரிக்கை எப்போதும் வேண்டியதுதான். அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு தரம் அதை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே அமர்ந்தால் நல்லது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் நான் அழுத்துகிறேன்.

இது வந்த முதல் வாரத்தில் மூன்று தடவை அமர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிரைண்டரில் மாவு அரைக்கும்போது. "இது என்ன தொல்லை, இதை எடுத்துட்டு நேரடியாக் குடுக்கச் சொல்லு" என்று அவர் ஆரம்பித்தார். பெரியவர் கிரைண்டரைப் புரட்டிப்போட்டுப் பார்த்தார். மோட்டாருக்குப் போகிற ஒயர் எலி கடித்து, தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. இதைத்தான் ஆர்.சி.சி.பி. சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டாவது தடவையாக ஒருவர் சொன்னதைக் கேட்காமல் இருக்கப் பார்த்தோம்!

கொல்லையில் புதிதாக எட்டடிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அமைத்தார்கள். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது மாமியாரின் வேலை. துளசிக்கு ஊற்றிவிட்டு அதற்கும் ஒரு சொம்பு. மழைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றினோம்.

இன்னொன்று. பூசி மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் என் பையனைக் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னேன். பக்கத்தில் அளவு டேப்பை வைத்து, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி. அதைப் பிரிண்ட் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு என் மருமகள் வந்து சாமி படத்துக்கு ஆணி அடித்தாலும் எங்கே அடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சித்திரையில் கொழுந்தனார் குடும்பத்தோடு வந்தார். அடுக்களையில் புதுப் பூச்சையும் எம்.சி.பி. பெட்டியையும் பார்த்தார். அவர், "பழசாயிடுச்சுன்னு..." என்று ஆரம்பித்தார். மாமியார் குறுக்கே வந்து, "உன் ஒயர் என்னைக் கடிச்சுதுடா" என்று சொல்லிவிட்டார். எங்கள் பேச்சையெல்லாம் அன்று ராத்திரியே கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்!

கொழுந்தனார் முகம் செத்துப்போய்விட்டது. கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா நாலு நாள்தான் குடுத்தார் அண்ணி. கல்யாணத்துக்குள்ளே வெள்ளையடிக்கணும்னு. பைப்பு போட்டா காடி ஆழமா வெட்டணும், நேரம் இல்லே. கல்யாணம் ஆனதும் பிரிச்சு சரியாப் பண்ணிடலாம்னு நெனச்சேன்" என்றார். என் கல்யாணத்துக்காக நாலு நாள். நான் என்னத்தைச் சொல்ல?

"இருபது வயசுப் புள்ளைகிட்டே வீட்டைக் குடுத்தவரைச் சொல்லணும்" என்று மாமியார் படத்தில் இருந்த மாமனாரைப் பார்த்துச் சொன்னார். ஊருக்குத் திரும்பிய மறுவாரம் கொழுந்தனார் போன் செய்தார், தன் வீட்டிலும் மெக்கர் வைத்துப் பார்த்ததாகவும், ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டதாகவும்.

அந்த வருஷம் ஐப்பசி வந்தது. நாலு நாள் விடாத மழை. நான் மாமியாரை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். அவர் குழாயில் கையை நனைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, அந்தப் பழைய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் கை வைத்தேன். இரண்டு பேரும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றோம்.

"கடிக்குதா அத்தை?"

"இல்லே."

"என்னை மன்னிச்சுடுங்க அத்தை."

"அதை விடு. அந்தச் சிவப்பு மாத்திரையை நான் இன்னும் முழுங்கணுமா?" என்றார்.

டாக்டரிடம் மறுபடி போய், இந்தத் தடவை சுவர் கதையை முழுக்கச் சொன்னோம். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பலாப்பலகையைப் பரணில் ஏற்ற மட்டும் மாமியார் சம்மதிக்கவில்லை. அது இன்னும் தொட்டிக்கு முன்னால்தான் கிடக்கிறது. நான்தான் சுற்றிக்கொண்டு போகிறேன்.